பால் வேண்டாம், தண்ணியும் வேண்டாம்: கீழே விழுந்த குஞ்சுக்கு முதல் ஆறு மணி நேரம்

கோடை வந்தாலே எனக்கு ஒரு மெசேஜ் திரும்பத் திரும்ப வரும். "ப்ரோ, குருவிக்குஞ்சு ஒண்ணு கிடைச்சிருக்கு, பால் குடுக்கலாமா?" நான் வேலை பாக்கறது சாஃப்ட்வேர்ல. பறவை டாக்டர் இல்ல. ஆனா வார இறுதியில பைனாகுலரும் கையுமா ஏரிக்கரையில சுத்தறவன்னு தெரிஞ்சதால கேக்கறாங்க. அதனால இன்னிக்கு எபிசோட் முழுக்க இதுதான்.

முதல் பதில்: பால் குடுக்காதீங்க. பறவைக்குப் பால் செரிக்காது. பிரட், பால்ல கரைச்ச பிஸ்கட், சாதம், குழந்தைங்களுக்குக் குடுக்கற மாவு, இதெல்லாம் வயித்தை நிரப்பும், ஆனா வளர்ற குஞ்சுக்குத் தேவையான புரதமும் கால்சியமும் அதுல கிடைக்காது. அதைவிட ஆபத்து தண்ணி. பாவம், தாகமா இருக்கும்னு நெனச்சு டிராப்பர்ல வாய்க்குள்ள விடுவாங்க. பறவையோட நாக்குக்குப் பின்னாடியே ஒரு சின்னத் துளை இருக்கு. அதுதான் மூச்சுக்குழாயோட வாய். நாம விடற சொட்டு அதுக்குள்ள போனா நேரா நுரையீரலுக்குப் போயிடும். கூட்டுல அம்மா அப்பா குஞ்சுக்குத் தனியா தண்ணி ஊட்டறது இல்ல. புழுவுல, பழத்துல இருக்கற ஈரமே போதும்.

யாராவது கேட்டா நான் மொதல்ல போட்டோ அனுப்பச் சொல்வேன். ஏன்னா பாதி நேரம் அது காப்பாத்த வேண்டிய குஞ்சே இல்ல. உடம்பு பூரா இறகு வந்து, வால் மட்டும் குட்டையா, தத்தித் தத்திப் போச்சுன்னா அது பறக்கப் பழகிட்டு இருக்கு. பெத்தவங்க பக்கத்து மரத்துலயே இருப்பாங்க. பூனை, நாய், வண்டி வர்ற இடமா இருந்தா தூக்கிப் பக்கத்துப் புதர்ல வெச்சுட்டு நகர்ந்துடணும். வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா நாம பண்றதுக்குப் பேரு குழந்தை கடத்தல்.

"மனுஷன் கை பட்டா தாய் சேத்துக்காது"ங்கறது எங்க வீட்லயும் சொல்லி வளத்த கதைதான். பெரும்பாலான பறவைங்களுக்கு அது உண்மை இல்ல. குஞ்சோட சத்தமும், கூடு இருக்கற இடமும்தான் அதுங்களுக்கு முக்கியம். நம்ம கை வாசனை பட்டதுக்காகக் குஞ்சைக் கைவிடாது.

இது நிஜமாவே எப்படி நடக்கும்னு சொல்ல, போன ஜூன்ல எங்க அபார்ட்மென்ட்ல நடந்ததைச் சொல்றேன். சென்னை, உச்சி வெயில். கரண்ட் கம்பியில உரசுதுன்னு வேப்பமரக் கிளைங்களை வெட்டிட்டு இருந்தாங்க. கூடு இருக்கான்னு ஏறிப் பாக்க ரெண்டு நிமிஷம் ஆகும். அதை யாரும் பாக்கல. பதினொரு மணிக்கு வாட்ச்மேன் அண்ணன் துண்டுல எதையோ பொத்தி எடுத்துட்டு மேல வந்தாரு.

"தம்பி, ஒண்ணு போயிடுச்சு. இது மூச்சு விடுது."

கொண்டைக்குருவிக் குஞ்சு. பறவை பாக்கறவங்க சின்னான்னு சொல்வாங்களே, அதேதான். கண்ணு திறந்திருந்தது, ஆனா றெக்கையில இறகு இன்னும் குச்சி குச்சியா உறையை விட்டு வெளிய வரல. பறக்கற வயசு இல்லைங்கறது பாத்ததும் தெரிஞ்சது. இந்தக் குருவி முட்டையில இருந்து வெளிய வந்து பன்னெண்டு நாள் வாக்குல கூட்டை விட்டுக் கிளம்பிடும். அப்ப இதுக்கு இன்னும் நாலஞ்சு நாள் பாக்கி.

கீழ பெத்தவங்க ரெண்டும் மதில் மேல உக்காந்து கத்திட்டு இருந்துச்சு. திருப்பி வைக்கலாம். ஆனா எங்க வைக்கறது? மரத்துல மிஷின் ஓடுது, வேலை அஞ்சு மணி வரைக்கும்னு சொல்லிட்டாங்க. ஆக ஆறு மணி நேரம் நாமதான் சமாளிக்கணும்.

எடுத்தவுடனே சாப்பாடு குடுக்கல. குளிர்ந்து கிடக்கற குஞ்சுக்குச் சாப்பாடு உள்ள போனாலும் செரிக்காது. மொதல்ல சூடு, அப்புறம்தான் தீனி. இதுக்குக் கையில வெச்சப்பவே கதகதப்பு இருந்தது, அந்த வெயிலுக்கு வேற சூடும் தேவைப்படல. ஏசி, ஃபேன் ரெண்டையும் நிறுத்தினேன். இறகே இல்லாத குஞ்சா இருந்தா வெந்நீர் பாட்டிலைப் பழைய வேட்டியில சுத்திப் பக்கத்துல வைக்கணும். முன்னாடி எல்லாரும் 60 வாட் பல்ப் போடச் சொல்வாங்க. இப்ப வீட்ல இருக்கறது எல்லாம் எல்இடி, அதுல வெளிச்சம் வரும், சொல்லிக்கற மாதிரி சூடு வராது. சூடு அதிகமானாலும் தப்பு. வாயைத் திறந்து மூச்சு வாங்கி றெக்கையை விரிச்சா, பாட்டிலைத் தள்ளி வைக்கணும்.

ஒரு சின்ன டப்பாவுல டிஷ்யூ பேப்பரைச் சுருட்டிக் கிண்ணம் மாதிரி பண்ணி உள்ள வெச்சேன். தட்டையான தரையில விட்டா கால் ரெண்டும் விலகி ஊனமாகிடும். பஞ்சு வேண்டாம், நகத்துல சிக்கிக்கும்.

சாப்பாட்டுக்கு, பறவை மீட்புல தன்னார்வலரா இருக்கற ஒரு தோழிக்குப் போன் பண்ணினேன். கொண்டைக்குருவி பெருசானா பழம் தின்னும், ஆனா குஞ்சுக்குப் பூச்சிதான் பிரதானம். அவ சொன்னது: பூனைக்குட்டிக்கான உலர் தீனியை வெந்நீர்ல ஊற வெச்சு, பஞ்சு மாதிரி ஆனதும் தண்ணியை ஒட்டப் பிழிஞ்சுட்டு, பயறு அளவுக்குக் கிள்ளிக் குடு. தெருப் பூனைங்களுக்குச் சோறு போடற கீழ் வீட்டு அக்காகிட்ட இருந்தே வாங்கினேன். எந்தப் பூனைக்குப் பயந்து குஞ்சை உள்ள வெச்சிருக்கோமோ அதோட சாப்பாடு!

முனை மழுங்கின பிளாஸ்டிக் இடுக்கியால எடுத்து, டப்பா ஓரத்தை லேசாத் தட்டினா போதும், அம்மா வந்து உக்காந்த அதிர்வுன்னு நெனச்சு வாயை ஆன்னு திறக்கும். துண்டை நாக்குக்குப் பின்னாடி, தொண்டைக்குள்ள வைக்கணும். நாலஞ்சு துண்டுல தானா வாயை மூடிடும். அதுக்கு மேல திணிக்கக் கூடாது. சாப்பிட்டு முடிச்ச கையோட திரும்பி உக்காந்து, வெள்ளையா ஜவ்வுப் பை மாதிரி எச்சம் போட்டுச்சு. அதைப் பாத்ததும்தான் எனக்கு மூச்சே வந்தது. உள்ள எல்லாம் வேலை செய்யுதுன்னு அர்த்தம்.

அரை மணிக்கு ஒரு தடவை அலாரம். மீட்டிங்ல மியூட் போட்டுட்டு ஊட்டினேன். ஆறு மணி நேரத்துக்கே நாக்குத் தள்ளிடுச்சு. காலைல 6 மணியில இருந்து சாயங்காலம் 6 வரைக்கும்னா ஒரு நாளைக்குச் சுமார் 25 வேளை. ராத்திரி மட்டும் லீவு. "நான் லீவு போட்டு வளத்துக்கறேன்"னு சொல்றவங்க இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. இதெல்லாம் பூச்சி தின்னற குஞ்சுக்கு. புறாக்குஞ்சு இப்படி வாயைத் திறந்து வாங்காது. அது பெத்தவங்க வாய்க்குள்ள அலகை விட்டு உறிஞ்சும். கிளிக்கு வேற முறை. பருந்து, ஆந்தைக்கு முழுக்க வேற. என்ன பறவைன்னு தெரியாம ஊட்ட ஆரம்பிக்காதீங்க.

அஞ்சே காலுக்கு மிஷின் நின்னது. அடியில ஓட்டை இருக்கற சின்ன பிளாஸ்டிக் கூடையில காய்ஞ்ச புல்லைப் போட்டு, மிச்சம் இருந்த கிளையில, நிழலாப் பாத்து அண்ணன் ஏறிக் கட்டினாரு. மூணாவது மாடிப் பசங்க, "அங்கிள், நாங்களே வெச்சுக்கறோமே, பேரு கூட வெச்சுட்டோம்"னு அழற நிலைக்கு வந்துட்டாங்க. எல்லாரும் உள்ள போயி ஜன்னல் திரைக்குப் பின்னாடி நின்னோம். பத்து நிமிஷம், இருபது நிமிஷம். ஒரு காக்கா வந்து எதிர் மாடியில உக்காந்துச்சு. எனக்கு வயித்தைப் பிசைஞ்சது. கடைசிவேளை தீனியைக் கொஞ்சம் குறைச்சுத்தான் குடுத்திருந்தேன், பசியில குஞ்சு கத்தினாத்தான் பெத்தவங்களுக்கு இடம் தெரியும். ஆனா அந்தச் சத்தம் காக்காவுக்கும் கேக்குமே.

அஞ்சு நாப்பதுக்குப் பெரிய குருவிங்க ரெண்டும் சேந்து காக்காவை விரட்டிச்சு. அப்புறம் ஒண்ணு, வாயில ஒரு பச்சை வெட்டுக்கிளியோட, நேரா வராம, மதில், கேபிள் கம்பி, கிளைன்னு சுத்திக் கூடை விளிம்புல வந்து உக்காந்துச்சு. அண்ணன் சத்தமே இல்லாம என் தோளைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தினாரு. அஞ்சாம் நாள் காலைல கூடை காலி. பக்கத்து முருங்கையில குட்டை வாலோட ஒண்ணு உக்காந்திருந்ததை அந்தப் பசங்கதான் காமிச்சாங்க.

பெத்தவங்க வரலைன்னா? பூனை கவ்வினதா இருந்தா? அப்ப காத்திருக்காதீங்க. பூனைப் பல்லு பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாட்டியும் அதோட எச்சில்ல இருக்கற கிருமிக்கு மருந்து வேணும். சென்னைன்னா ப்ளூ கிராஸ் மாதிரி அமைப்புங்க இருக்கு, எந்த ஊரா இருந்தாலும் வனத்துறைக்குச் சொல்லலாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்ம ஊர்க் காட்டுப் பறவைகளை வீட்ல வளர்க்கக் கூடாது. கிளியும் அதுல சேத்திதான். சட்டத்தை விடுங்க, தனியா மனுஷங்க கையில வளந்த குஞ்சு மனுஷனையே தன் இனம்னு நெனச்சுக்கும். பூச்சி பிடிக்கவும் தெரியாது, பூனையைக் கண்டா ஓடவும் தெரியாது.

கொண்டு போறப்ப மூடி போட்ட அட்டைப்பெட்டி, பக்கவாட்டுல ஓட்டை, உள்ள டிஷ்யூ. தண்ணிக் கிண்ணம் வைக்காதீங்க, ஆட்டோ குலுங்கினா கொட்டி நனைஞ்சுடும். வழியில திறந்து திறந்து பாக்காதீங்க, பாட்டும் போடாதீங்க. எங்க கிடைச்சுது, எத்தனை மணிக்கு, என்ன ஊட்டினீங்கன்னு ஒரு சீட்டுல எழுதிப் பெட்டி மேல ஒட்டிடுங்க. அங்க இருக்கறவங்க மொதல்ல கேக்கப்போறது அதைத்தான்.

அடுத்த வாரம் பள்ளிக்கரணையில இருந்து பேசறேன். வரேன் மக்களே.