காரின் முகப்பில் ஒரு கணினி

மோட்டார் வண்டியில் வானொலி குடிபுகுந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. 1930ஆம் ஆண்டில் சிக்காகோ நகரிலே பவுல் கல்வின் என்பாரின் நிறுவனம் மோட்டோரோலா என்னும் பெயருடன் கார் வானொலியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று அவ்வானொலி இருந்த இடத்திலே கணினி ஒன்றைத் தம் கையாலேயே பொருத்த முயல்வோர் பலர் உளர். அம்முயற்சியைப் பற்றியே இப்பொழுது பேசவிருக்கின்றேன்.

நம் நாட்டில் இவ்விருப்பம் எழுவதற்குத் தக்க காரணம் உண்டு. இங்கே ஓடும் கார்களுட் பெருந்தொகையானவை யப்பானில் ஓடிப் பின் இறக்குமதியானவை. அவற்றின் திரையில் தோன்றுவது யப்பானிய எழுத்து. அது காட்டும் வீதிகளும் யப்பானிய வீதிகள். வானொலியோ நெடுங்காலமாக அந்நாட்டு வழக்கப்படி 76 முதல் 90 மெகாஹேர்ட்ஸ் வரையே கேட்குமாறு அமைக்கப்பட்டது. நமது பண்பலை நிலையங்கள் 108 வரை பரந்திருத்தலின், அவற்றுட் பல அதில் அகப்படமாட்டா. ஆதலாற் கருவியைக் கழற்றிவிட்டு, வேண்டியதைத் தாமே அமைத்துக்கொள்ள எண்ணுகின்றனர்.

கருவியைக் கழற்றியபின் இருக்கும் இடம் பொதுவாக 180 மில்லிமீற்றர் அகலமும் 100 மில்லிமீற்றர் உயரமும் உடையது. டொயோட்டா கார்கள் பலவற்றில் அகலம் 200 மில்லிமீற்றர். இதனுள் ஒரு தொடுதிரையும், 2012இல் இங்கிலாந்தில் வெளிவந்த ராஸ்பெரி பை போன்ற கையளவுக் கணினியும் அடங்கிவிடும். இடம் எளிதிற் கிடைக்கின்றது. மின்சாரமே கடினமானது.

வீட்டு மின்சாரத்தை ஒத்ததன்று கார் மின்சாரம். எஞ்சின் ஓயும்போது பற்றரியில் 12 வோல்ற்றுக்குச் சற்று மேல் இருக்கும். ஓடும்போது 14 அளவுக்கு ஏறும். ஸ்டார்ட்டர் சுழலும் கணத்தில் 9 வோல்ற்றுக்கும் கீழே விழுதல் கூடும். சிறு கணினிக்கோ மாறாத 5 வோல்ற் வேண்டும். எனவே இவ்வேற்றத்தாழ்வைத் தாங்கவல்ல, வாகனத்துக்கென்றே செய்த மின்மாற்றி ஒன்று இடையில் இருத்தல் இன்றியமையாதது.

அடுத்தது நிறுத்தும் முறை. வானொலிக்கு வரும் கம்பிகளுள் மஞ்சட் கம்பி எந்நேரமும் மின்னுடையதாகவும், சிவப்புக் கம்பி திறப்பைத் திருப்பினால் மட்டும் மின் பெறுவதாகவும் இருத்தல் பொதுவான வழக்கம். எனினும் காருக்குக் கார் நிறம் மாறுமாதலின், அளந்து பார்த்தே இணைத்தல் வேண்டும். கணினியைச் சிவப்புக் கம்பியில் மட்டும் இணைத்தால், திறப்பை எடுத்தவுடன் அது திடீரென அணையும். எழுதிக்கொண்டிருந்த நினைவட்டை பழுதாகலாம். மஞ்சட் கம்பியில் மட்டும் இணைத்தால், அது இரவு பகலாக மின்னை உண்ணும். அரை அம்பியர் வீதம் ஒரு நாளில் 12 அம்பியர் மணி. இரண்டு நாளில் 24. சிறிய காரின் பற்றரி 40 அம்பியர் மணி அளவினதாயின், பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு விரைய வேண்டியவர், அசையாத காரின் முன் நிற்பார்.

இரண்டு கம்பிகளையும் பயன்படுத்துதலே தீர்வு. சிவப்புக் கம்பி அணைந்ததைக் கணினி அறிந்து, தன் வேலைகளை முறையாக முடித்துக்கொள்ளும். சில விநாடிகளின் பின் ஒரு ரிலே மஞ்சட் கம்பியைத் துண்டித்துவிடும். பற்றரியிலிருந்து புதிய கம்பி இழுப்பதாயின், அதன் அருகிலேயே தக்க உருகி ஒன்றையும் வைத்தல் வேண்டும். உராய்ந்த கம்பி தீப்பிடிப்பதற்கு உருகியே தடை.

மஞ்சள் நிறத்திலே இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. மஞ்சள் உறையும் மஞ்சள் இணைப்பியும் கொண்டு செல்லும் கம்பிகள் பெரும்பாலும் உயிர்காக்கும் காற்றுப்பைக்கு உரியவை. அவற்றைத் தொடுதலும் ஆகாது. மின்மானி கொண்டு சோதித்தலும் ஆகாது. காற்றுப்பை விரியும் வழியிலே திரையையோ வேறு பொருளையோ பொருத்துதலும் கூடாது.

வெப்பத்தையும் மறத்தலாகாது. நண்பகல் வெயிலில் மூடி நிறுத்திய காரின் முகப்பு கை வைக்கவியலாதவாறு சுடும். ராஸ்பெரி பையின் சில்லோ 80 பாகை செல்சியசை எட்டியதும் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின் காற்றோட்டத்துக்கு வழி செய்தல் அவசியம்.

இவை யாவும் செவ்வனே அமைந்தபின்னும் ஒரு வினா எஞ்சுகின்றது: ஓட்டுபவரின் கண் எங்கே இருக்கும்? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் இரண்டு விநாடியில் 33 மீற்றர் கடந்துவிடும். ஒரு முறை நோக்குதல் இரண்டு விநாடியை மிஞ்சலாகாது என்று அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013இல் வழிகாட்டியது. பாடசாலைப் பிள்ளை ஒன்று வீதியைக் கடக்க அந்த 33 மீற்றரே போதும். தம் கையால் அமைப்பவருக்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. பெரிய எழுத்து, குறைந்த பொத்தான்கள், கார் ஓடும்போது தோன்றாத திரைப்படம் என்று அவர் தாமே விதித்துக்கொள்ளலாம்.

கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குதல் என்பது நம்மவர் பழமொழி. சித்திரம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. வாங்குவோர் கண்ணை வீதிக்கே வைத்துக்கொள்க என்பதே என் வேண்டுகோள்.