எந்தக் கணக்குக்கு எந்தச் சராசரி?



கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளைகிற பூண்டு வடுகபட்டி சந்தை வரை போகிறது. பேர் கிடைத்தது, சந்தோஷம். லாபம் கிடைத்ததா? அதைக் கணக்குத்தான் சொல்ல வேண்டும். அங்கேதான் 'சராசரி' என்கிற வார்த்தை பல பேரை ஏமாற்றிவிடுகிறது.

நல்ல தரமான பூண்டு 100 கிலோவைக் கிலோ 300 ரூபாய்க்கும், மீதி 400 கிலோவை 150 ரூபாய்க்கும் விற்றதாக வைத்துக்கொள்வோம். இரண்டு விலையையும் கூட்டிப் பாதியாக்கினால் 225. விதை, உரம், கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 200 ரூபாய் செலவழித்தவர், "25 ரூபாய் மிச்சம்" என்று நினைப்பார். ஆனால் கைக்கு வந்தது 90,000 ரூபாய். அதை 500 கிலோவால் வகுத்தால் 180 தானே? கிலோவுக்கு 20 ரூபாய் நட்டம்! ஆகவே விலைக்குச் சராசரி பார்க்கும்போது எடையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இதற்கு நிறையிட்ட சராசரி என்று பெயர்.

அடுத்தது மகசூல். ஆளுக்கு ஒரு ஏக்கர் வைத்திருக்கும் ஐந்து பேர் 20, 22, 23, 24, 61 மூட்டை எடுத்தார்கள் என்றால் சராசரி 30. ஆனால் நாலு பேர் முப்பதைத் தொடவே இல்லையே! ஒருத்தருடைய 61 கணக்கைத் தூக்கிவிட்டது. இந்த மாதிரி நேரத்தில் எண்களைச் சிறிசிலிருந்து பெரிசாக வரிசைப்படுத்தி, நடுவில் நிற்பதை எடுங்கள். அது 23. இதுதான் இடைநிலை. புதிதாகப் பூண்டு போடக் கடன் வாங்குகிறவர் 23-ஐ வைத்தே திட்டம் போடட்டும். அதே ஐந்து பேர் சேர்ந்து லாரி பிடிப்பதானால் 30 தான் சரி. மொத்தம் 150 மூட்டை ஏற்ற வேண்டுமல்லவா?

மூன்றாவது ஒன்று உண்டு. "உங்க சரக்கு பெரிசா, நடுத்தரமா, பொடியா?" என்று வியாபாரி கேட்டால் கூட்டி வகுக்க முடியாது. எது அதிகமாக இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும். இதை முகடு என்பார்கள்.

ஒவ்வொரு விற்பனைச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். எடையையும் விலையையும் நோட்டில் ஒரே வரியில் எழுதி வையுங்கள். யாராவது சராசரி சொன்னால், "எதைக் கூட்டி எதால் வகுத்தீங்க?" என்று தயங்காமல் கேளுங்கள்.