ஒற்றியூரில் இடிந்த வீடுகள்: பொறுப்பு எவருடையது?



ஒற்றியூரில் நின்றுகொண்டு ஒற்றியைப் பற்றிப் பேசாமல் வேறெங்கே பேசுவது? ஒரு தொகையைக் கொடுத்து ஒருவர் வீட்டில் குடிபுகுவதும், தவணை முடிந்ததும் அத்தொகையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு வீட்டை விடுவதுமாகிய முறைக்கு நம் முன்னோர் இட்ட பெயர் ஒற்றி. குடிக்கூலியும் இல்லை, வட்டியும் இல்லை. நாமோ அந்த நற்றமிழ்ச் சொல்லைக் கைவிட்டுப் 'போக்கியம்' என்னும் வடசொல்லை எழுதித் தெருக்கம்பங்களில் தொங்கவிட்டிருக்கிறோம். (ஊர்ப்பெயருக்கு வேறு பொருள் கூறுவாரும் உளர். அவ்வாய்வு இன்று வேண்டா.)

2021 திசம்பர் 27ஆம் நாள், இவ்வூர் அரிவாக்குளத்தில், குடிசைப்பகுதி மாற்று வாரியம் 1993இல் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. 24 வீடுகள்! சுவர் வெடிப்பதைக் கண்டு மக்கள் முன்னரே வெளியேறியதால் உயிரிழப்பு இல்லை. தட்டுமுட்டுப் பொருள்கள் மண்ணோடு மண்ணாயின. அரசு குடும்பத்துக்கு ஓர் இலக்கம் உருபாவும் மாற்று வீடும் அறிவித்தது. அதை நன்றென்றே சொல்வோம். ஆனால் ஒரு கட்டடத்துக்கு 28 ஆண்டுதானா அகவை?

இவ்வாறு வீடு விழுந்தால் மறுநாளே பழி சுமத்தும் படலம் தொடங்கிவிடும். கடற்காற்றின் உப்பு கம்பியைத் தின்றது என்பார் ஒரு சாரார். குடியிருந்தோர் சுவரை உடைத்து மாற்றினர், ஒற்றிக்கு விட்டனர் என்பார் மற்றொரு சாரார்.

கடலருகே கட்டுகிறோம் என்பது கட்டும்போது தெரியாதா? அதே கடற்காற்று வீசும் இவ்வூரில்தான் முதலாம் இராசேந்திரச் சோழன் காலத்தில் கருங்கல்லால் எடுத்த கோயில் நிற்கிறது. கல்லும் கம்பியும் ஒன்றல்ல என்பதை நானறிவேன். நான் சொல்ல வருவது வேறு. அதைக் கட்டியவன் இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்று கல்வெட்டே பெயர் சொல்கிறது. அரிவாக்குளத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர் பெயரை எந்தக் கல் சொல்கிறது? மணலும் சுதையும் அளந்து பார்த்துக் கையெழுத்திட்ட பொறிஞர் பெயரை எந்தக் கல் சொல்கிறது? நம் திறப்புக் கற்களில் திறந்துவைத்தவர் பெயர்தான் பெரிதாக இருக்கும். புகழ் ஒருவருக்கு, பழி ஊராருக்கு!

இனி, மற்றப் பழி. வாரியத்து வீடுகளில் திங்கள்தோறும் தவணை கட்டி முடித்தும் விற்பனை ஆவணம் கிடைக்காமல் காத்திருக்கும் குடும்பங்கள் சென்னையில் பல. வீடு வாரியத்தின் பெயரில். அது நிற்கும் நிலமோ பல இடங்களில் வேறு துறையின் பெயரில். ஆவணம் இல்லாதவனுக்கு எந்த வைப்பகம் கடன் தரும்? மகள் திருமணம், வேலையிழப்பு, மருத்துவச் செலவு என்று வரும்போது அவன் என் செய்வான்? வெள்ளைத்தாளில் எழுதி வீட்டை ஒற்றிக்கு விடுகிறான். ஒற்றி கொண்டவனும் செல்வனல்லன். சேர்த்த காசையெல்லாம் கொட்டி நுழைந்தவன். கட்டடம் விழுந்தால் மாற்று வீடு ஒதுக்கீடு பெற்றவன் பெயருக்குப் போகும். ஒற்றிப்பணம் காற்றில் போகும். இருவரும் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டு நிற்க, ஆவணத்தைப் பெட்டியில் வைத்திருக்கும் உடையவர் வேடிக்கை பார்க்கிறார். ஆவணம் என் கையில், பொறுப்பு உன் தலையில் என்பது எந்த நாட்டு முறை?

அமெரிக்க நாட்டு முறை என்று சிலர் சொல்லக்கூடும். அங்கே திருப்பிச் செலுத்த இயலாதவர்க்கும் வீட்டுக்கடன் கொடுத்து, அந்த அடைமானங்களை வைப்பகங்கள் கட்டுக்கட்டாகக் கைமாற்றி விற்றன. 2008இல் இலேமன் நிறுவனம் வீழ்ந்தது. அப்போதும் கடன் வாங்கியவனே பேரவா கொண்டவன் எனப் பழிக்கப்பட்டான். 70,000 கோடி தாலர் வரை ஒதுக்கிய அரசு முதலில் தூக்கி நிறுத்தியது வைப்பகங்களைத்தான். அங்கே ஆவணம் கைமாறிக்கொண்டே போயிற்று; இங்கே கைமாறவே இல்லை. ஈரிடத்தும் அடி விழுந்தது குடியிருந்தவன் முதுகில்.

வாரியம் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் மாறியது. பெயரை மாற்றிய கை ஆவணத்தையும் மாற்றித் தரட்டும். புதிதாய் எழும் ஒவ்வொரு கட்டடத்தின் வாயிலிலும் ஒப்பந்தக்காரர் பெயரும் பொறிஞர் பெயரும் தமிழில் பொறிக்கப்படட்டும். பழையதை இடிக்குமுன் அங்குள்ள ஒற்றிக் கணக்குகளை ஊரறிய எழுதி, ஒற்றி கொண்டவர்க்கும் வழி செய்யட்டும். மீளக் கட்டும் வீட்டுக்குப் 'பயனாளிப் பங்கு' கேட்டு அலுவலர் வந்தால், முதல் வீட்டுக்குக் கட்டிய தவணைச் சீட்டுகளை எடுத்துக் காட்டுங்கள். அவற்றைத் தொலைத்துவிடாதீர்கள், தாய்மார்களே!