மலையடிவாரத்தில் மனை வாங்கும் முன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'வீடு கட்டுவோருக்குச் சில யோசனைகள்' என்று தலைப்புக் கொடுத்து இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார் நம் செயலாளர். வீடு கட்டி முடித்த ஒருவர் புலம்புவதைக் கேட்கவே இரண்டு மணி நேரம் போதாது. அதனால் ஒரே ஒரு சங்கதியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தண்ணீர்.

சிமென்ட் எந்த பிராண்டு, கம்பி எந்தக் கம்பெனி, வாசல் எந்தத் திசை என்று கேட்காத ஆளே கிடையாது. "சார், என் மனைக்கு மழைத் தண்ணி எந்தப் பக்கமிருந்து வரும், எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். திருவண்ணாமலையில் தொழில் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், நம்ம ஊரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

2024 டிசம்பர் 1ஆம் தேதி நடந்ததை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முந்தின நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. விடாமல் பெய்த மழையில் அண்ணாமலையின் சரிவில் மண்ணும் பாறையும் இறங்கி, வ.உ.சி. நகரில் வீட்டின் மேல் விழுந்தது. ஏழு பேர் போனார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த வருஷம் தீபத்துக்குப் பொதுமக்களை மலையேற விடவில்லை.

மேலே போய் வீடு கட்டுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சமதளத்தில் ஒரு சென்ட் வாங்க முடிந்தால் யார் பாறைக்கு அடியில் போய்ப் படுப்பார்கள்? ஆனால் இங்கே உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தச் சாக்கு கிடையாது. 'மலை தரிசனம்' என்று விளம்பரம் போட்ட மனையைத் தேடிப் பிடித்து, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்கள் நாம்தானே!

சரிவு எப்படி நிற்கிறது என்று கொஞ்சம் யோசியுங்கள். மேலே இருக்கிற மண்ணைக் கீழே இருக்கிற மண் தாங்குகிறது. மனையைச் சமதளமாக்க வேண்டும் என்று ஜே.சி.பி.யை விட்டு அடிவாரத்தை வெட்டினால், சரிவின் காலையே வெட்டியதாக அர்த்தம். வெயில் காலத்தில் ஒன்றும் தெரியாது. மழையில் மண் ஊறினால் அதன் எடை கூடும், மண்துகள்களுக்குள் இருக்கிற பிடிப்புக் குறையும். அப்புறம் அது நம்மைக் கேட்டுக்கொண்டா இறங்கப் போகிறது?

பெரியவர்களுக்கு இந்த விஷயம் தெரிந்திருந்தது. 217 அடி ராஜகோபுரத்தைத் தொடங்கிய கிருஷ்ணதேவராயர் காலத்தில்தான் சிவகங்கைத் தீர்த்தமும் உண்டானது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரையும் நடந்து பாருங்கள், வழி நெடுக எத்தனை குளம்! மலையில் விழுகிற தண்ணீருக்குப் போக ஓடையும் தங்கக் குளமும் இருந்தன. அந்த ஓடையின் மேல்தான் இன்றைக்கு நாம் காம்பவுண்டு சுவர் எழுப்புகிறோம்.

ஆகவே மனை வாங்குமுன் பட்டாவோடும் வில்லங்கச் சான்றோடும் நின்றுவிடாதீர்கள். புல வரைபடம் வாங்கிப் பக்கத்து சர்வே எண்களையும் பாருங்கள். ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால், ஏரி உள்வாய் என்று இருக்கிறதா? புரோக்கர் மனையைச் சித்திரை வெயிலில்தான் காட்டுவார். நீங்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு தடவை குடையோடு போய்ப் பாருங்கள். அந்த ஒரு மணி நேரம் சொல்வதை எந்த நகலும் சொல்லாது.

சரிவை ஒட்டிக் கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் தாங்குசுவர் வேண்டும். அதை எழுப்புமுன் மண் பரிசோதனை வேண்டும். வீட்டு பட்ஜெட்டில் அது பெரிய தொகையே அல்ல, ஆனாலும் முதலில் வெட்டுப்படுவது அதுதான். ஒரு வீட்டுக்காரர் என்னிடம், "என்ன சார், புதுச் சுவர்ல போய் ஓட்டை ஓட்டையா வைக்கிறீங்க, பார்க்க நல்லாவா இருக்கு?" என்றார். உட்கார வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். உங்களுக்கும் சொல்கிறேன். பத்தடி, அதாவது 3 மீட்டர் உயரச் சுவர். பின்னால் காய்ந்த மண் இருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் இரண்டரை முதல் மூன்று டன் தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் நிறைந்து நின்றுவிட்டால் தண்ணீர் மட்டுமே நாலரை டன் தள்ளும். மண்ணின் தள்ளுதல் கொஞ்சம் குறைந்தாலும், இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய இரு மடங்கு. அந்த ஓட்டைகள் இல்லாவிட்டால் சுவரை இரு மடங்குச் சுமைக்குக் கட்ட வேண்டும். மனிதர் அப்புறம் வாயே திறக்கவில்லை.

ஐந்தாறு அடிக்கு ஒரு பைப், வெளிப்பக்கம் சாய்வாக. பின்னால் மண்ணை நேரடியாகக் கொட்டாமல் ஜல்லி நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு மழையில் பைப் அடைத்துக்கொள்ளும். மேஸ்திரிகள் இந்த ஜல்லியைத்தான் மறந்துவிடுகிறார்கள். சுவர் எழும்பிய பிறகு அதை யார் பார்க்கப் போகிறார்கள் என்ற தைரியம்!

வெளியே வருகிற தண்ணீர் போகட்டும், நாமே ஊற்றுகிற தண்ணீருக்கு வருவோம். தளம் போடும் நாளில் கலவை கெட்டியாக இருந்தால் ஆட்களுக்குக் கஷ்டம். "இன்னும் ரெண்டு வாளி ஊத்துப்பா" என்று ஒரு குரல் வரும். ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்று போடுகிற எம்20 கலவைக்கு, 50 கிலோ மூட்டை ஒன்றுக்கு 30 லிட்டர்தான் உச்ச அளவு. 20 லிட்டர் பெயின்ட் வாளியில் ஒன்றரை வாளி. எம்.சாண்ட் ஈரமாக இருந்தால் அதற்கும் கீழே. கூடுதலாக ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போகும்போது நுண்ணிய துளைகளை விட்டுவிட்டுப் போகும். அந்தத் துளை வழியாகத்தான் பின்னால் ஈரம் கம்பிக்குப் போய்த் துரு பிடிக்க வைக்கிறது. கலவை இறங்கவில்லை என்றால் வைப்ரேட்டர் போடுங்கள், வாளியைத் தொடாதீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்கு அளவில்லாமல் ஊற்றுகிறவர்கள்தான் மறுநாளிலிருந்து தண்ணீரைக் காட்டமாட்டார்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் கலப்பு சிமென்ட். அதற்குப் பத்து நாளாவது ஈரம் காயக் கூடாது. நம்ம ஊர் வெயிலுக்குப் பதினாலு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தளத்துக்குப் பாத்தி கட்டலாம். தூணுக்கு என்ன செய்வது? சாக்கைச் சுற்றி நனைக்க வேண்டும். தூணுக்கு ஒழுங்காகச் சாக்குக் கட்டிய வேலையைப் பார்த்தால் அந்தக் கான்ட்ராக்டரின் விலாசத்தை வாங்கி வைத்துக்கொள்வேன்.

இதில் கான்ட்ராக்டர் நண்பர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. அக்ரிமென்ட்டில் 'தண்ணீர், கரன்ட் உரிமையாளர் பொறுப்பு' என்று ஒரு வரி இருக்கும். கோடையில் போர் வற்றிவிடும், டேங்கர் விலை ஏறும். உரிமையாளர் கணக்குப் பார்ப்பார், தளம் காயும். ஐந்து வருஷம் கழித்து விரிசல் விட்டால் பழி மேஸ்திரி தலையில். ஆகவே கையெழுத்துப் போடும்போதே எத்தனை நாள் தண்ணீர் கட்டுவது, ஆள் யாருடையது, டேங்கர் காசு யாருடையது என்று எழுதிவிடுங்கள். தளத்துக்கான தவணையில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, பதினாலாம் நாள் கொடுப்பதாக இருவரும் ஒப்புக்கொள்ளலாம். நான் போடவைத்த அக்ரிமென்ட்களில் இந்த ஒரு வரி தீர்த்துவைத்த சண்டைகள் ஏராளம்.

போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் சோதித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது.

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மனை வாங்கும் யோசனையில் இருப்பவர்கள் மதியம் பந்தி முடிந்ததும் புல வரைபட நகலோடு வாருங்கள், மரத்தடியில் உட்கார்ந்து பார்ப்போம்.