என் தாத்தா ஒரு கீமேன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



பொறியியல் துறை பற்றி மாணவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று விழாக் குழுவினர் கேட்டார்கள். எனக்கு அந்தத் துறையை முதலில் காட்டியவரைப் பற்றியே சொல்லிவிடுகிறேன். அவர் என் தாத்தா. ஆயக்குடிக்காரர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. 2021-ல் 91 வயதில் காலமானார்.

1950-ல் கேங்மேனாகச் சேர்ந்தார். அப்போது அது சவுத் இந்தியன் ரயில்வே. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14-ல் தென்னக ரயில்வே உருவானது. "போர்டுல பேரு மாறிச்சு, கையில சம்மட்டி மாறலை" என்பார். 1928-ல் போட்ட திண்டுக்கல்–பொள்ளாச்சி மீட்டர்கேஜ் பாதையில், ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவில்தான் அவருடைய உத்தியோகம். பிறகு கீமேன் ஆனார்.

கீமேன் என்றால் இன்றைய மாணவர்களுக்குத் தெரியாது. தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு இறுக்கிப் பிடிப்பது சாவி என்கிற இரும்பு ஆப்பு. ரயில் ஓட ஓட அது தளரும். கீமேன் தினமும் காலையில் ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து போய், மறுபக்கம் பார்த்தபடி திரும்பி வர வேண்டும். தோளில் சுத்தி, ஸ்பேனர், உபரி சாவிகள், சிவப்புக்கொடி, டெட்டனேட்டர். தளர்ந்த சாவியை அடித்து இறுக்குவார், போல்ட்டை முடுக்குவார். சுத்தி பட்ட சத்தத்திலேயே அவருக்குத் தெரிந்துவிடும். "நல்ல சாவி மணி மாதிரி பேசும் கண்ணு, தளர்ந்தது சட்டி மாதிரி பேசும்" என்பார்.

ஒரு மார்கழி விடியலில் தண்டவாளம் விரிந்து கிடப்பதைப் பார்த்தாராம். குளிரில் இரும்பு சுருங்கும். பலவீனமான இடத்தில் விட்டுவிடும். அங்கே சிவப்புக்கொடியை நட்டார். வண்டி வரும் திசையில் 800 மீட்டர் ஓடி, பத்து மீட்டருக்கு ஒன்றாக மூன்று டெட்டனேட்டர்களைத் தண்டவாளத்தில் கட்டினார். சக்கரம் ஏறியதும் அவை வெடிக்க, டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். பழனிக்குப் போகிற பக்தர்கள் இறங்கி வந்து, நேரமாகிறது என்று இவரைத்தான் திட்டினார்கள். இதைச் சொல்லும்போது தாத்தா சிரிப்பார். "திட்டுறதுக்கு எல்லாரும் உசுரோட இருந்தாங்கல்ல, அது போதும்."

1974 மே 8 முதல் 27 வரை நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. தாத்தாவும் கலந்துகொண்டார். வீட்டில் நான்கு பிள்ளைகள். சம்பளம் இல்லை. பாட்டி ஆயக்குடித் தோட்டங்களில் கொய்யாவைக் கடனுக்கு வாங்கி, கூடையில் சுமந்து பழனி பஸ் ஸ்டாண்டில் விற்றுச் சோறு போட்டார். அந்தக் கூடையைக் கடைசி வரை தூக்கி எறிய விடவில்லை தாத்தா. "என் சர்வீஸ்ல பாதி உங்க பாட்டியோடது" என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வார். நான்கு பிள்ளைகளையும் படிக்க வைத்தார்கள். மூத்தவர் என் அப்பா.

1988-ல் 58 வயதில் ஓய்வு பெற்றார். 2015-க்குள் திண்டுக்கல்–பொள்ளாச்சி முழுவதும் அகலப்பாதை ஆகிவிட்டது. பழனி ஸ்டேஷனுக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஒரு மீட்டர் அகலம் 1,676 மில்லிமீட்டர் ஆகியிருந்தது. ஸ்லீப்பர் கான்கிரீட், சாவிக்குப் பதில் வளைந்த ஸ்பிரிங் கிளிப். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது தளராதா?" என்றார். அவ்வளவு சீக்கிரம் தளராது என்றேன். "அப்பவும் யாராச்சும் நடந்து பாக்கணும்ப்பா" என்றார்.

அவர் சொன்னது சரிதான். உள்விரிசலைக் காட்ட இன்று அல்ட்ராசானிக் கருவி இருக்கிறது. ஆனாலும் டிராக்மேன்கள் இன்றும் வெயிலிலும் மழையிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

தம்பி, தங்கைகளே! திறப்பு விழாக் கல்லில் பெயர் வருவது பெருமைதான். ஆனால் கட்டியது பல ஆண்டு நிற்பது, பெயர் வராத ஒருவர் தினமும் போய்ப் பார்ப்பதால். வேலைக்குப் போனதும் முதல் வாரத்திலேயே அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள். ஒரு நாள் முழுக்க அவரோடு நடங்கள். வரைபடத்தில் இல்லாதது அவர் காதில் இருக்கும். 38 வருட சர்வீசில் என் தாத்தாவின் பாதையில் ஒரு வண்டி கூடத் தடம் புரளவில்லை. அதற்கு யாரும் மாலை போடவில்லை. இந்த மேடையில் நான் போடுகிறேன்.