வழி காட்டும் படம் இலவசம். காசு கொடுப்பது யார்?

(கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம்ம குழுக்கள் செய்யும் ஊறுகாய், மசாலாப் பொடி, துணிப்பை வாங்க வெளியூரில் இருந்து வருகிறவர்கள் இப்போ யாரிடமும் வழி கேட்பதில்லை. கைபேசியில் வரைபடத்தைத் திறந்து, அது சொல்லும் பாதையில் வர்றாங்க. அந்தப் படத்தில் நம்ம விற்பனை மையம் இல்லையென்றால், அவங்களைப் பொறுத்தவரை நம்ம கடையே இல்லை.

இந்தப் படத்தைப் பார்க்க நாம் ஒரு பைசா கொடுப்பதில்லை. அப்படியானால் இதற்கு ஆகும் செலவை யார் கொடுக்கிறாங்க? வரவு செலவு பார்க்காமல் கையெழுத்துப் போடுவது நம்ம குழு வழக்கம் இல்லையே. அதனால் இந்தக் கணக்கையும் கொஞ்சம் பார்ப்போம்.

கணினி வரைபடம் முதலில் பெரிய இடங்களுக்கான பொருளாகத்தான் இருந்தது. அமெரிக்காவில் 1969-இல் ஜாக் டேஞ்சர்மாண்ட், லாரா டேஞ்சர்மாண்ட் என்ற கணவன் மனைவி ஆரம்பித்த எஸ்ரி நிறுவனம், அரசுத் துறைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வரைபட மென்பொருளை விற்றது. நம்ம நாட்டில் 1995-இல் ராகேஷ் வர்மா, ரஷ்மி வர்மா தம்பதியர் டெல்லியில் ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். அதுதான் மேப்மைஇந்தியா. அவர்களும் கம்பெனிகளுக்குத்தான் முதலில் படம் விற்றார்கள். இரண்டு நிறுவனத்தையும் தொடங்கியதில் ஒரு பெண்ணின் கையும் இருந்ததைக் கவனிச்சீங்களா?

கடை தேடித் தரும் சேவை வேறு பாதையில் வந்தது. 1996-இல் வி.எஸ்.எஸ். மணி மும்பையில் ஜஸ்ட் டயல் தொடங்கினார். போன் செய்து கேட்கிறவருக்குக் கட்டணம் இல்லை; தன் பெயர் முன்னால் வரவேண்டும் என்று நினைக்கும் கடைக்காரர் பணம் கட்டணும். தேடுகிறவருக்கு இலவசம், விற்கிறவருக்குச் செலவு. இந்த ஏற்பாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2005 பிப்ரவரியில் கூகுள் வரைபடம் வந்தது. சாதாரண மக்கள் காசில்லாமல் பார்க்கலாம். அதே ஆண்டில், மற்ற நிறுவனங்களும் அந்தப் படத்தைத் தங்கள் இணையதளத்தில் சேர்த்துக்கொள்ள வழி செய்து கொடுத்தார்கள். எல்லாரும் அதற்குப் பழகிப் போனார்கள். பழகின பிறகு 2012-இல், ஒரு நாளைக்கு 25,000 தடவைக்கு மேல் படத்தைக் காட்டும் இணையதளங்களுக்குக் கட்டணம் போட்டார்கள். கூடுதலாகக் காட்டும் ஒவ்வொரு 1,000 தடவைக்கும் 4 டாலர்.

அப்போது என்ன நடந்தது தெரியுமா? அப்போது கடை, உணவகம் தேடித் தந்த ஃபோர்ஸ்கொயர் என்ற அமெரிக்க நிறுவனம் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பக்கம் போய்விட்டது. அது 2004-இல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய பொது வரைபடம். தன்னார்வலர்கள் அவரவர் ஊர்த் தெருவை வரைந்து சேர்க்கிறார்கள். நாம் சிறுகச் சிறுகச் சேமிப்பு போடுகிற மாதிரிதான். வேறு சிலரும் அந்தப் பக்கம் நகர்ந்தார்கள். 2012 ஜூனில் 4 டாலர் அரை டாலராக இறங்கியது.

2018-இல் கட்டண முறை மறுபடி மாறி, பல நிறுவனங்களுக்குச் செலவு பல மடங்கு ஏறியது. 2024 ஜூலையில் வாடகைக் கார் நிறுவனமான ஓலா, கூகுள் வரைபடத்தை விட்டுவிட்டுச் சொந்த வரைபடத்துக்கு மாறியது. அதற்கு முன் வருஷத்துக்கு 100 கோடி ரூபாய் செலவானது என்று அதன் தலைவர் பவிஷ் அகர்வால் சொன்னார். அதே மாதத்தில், இந்தியாவில் கட்டணத்தை 70 சதவீதம் வரை குறைப்பதாகக் கூகுள் அறிவித்தது. ஆகஸ்ட் 1 முதல் அது அமலுக்கு வந்தது.

மக்களிடம் தொடங்கிய கூகுள் கம்பெனிகளிடம் காசு வாங்கப் போனது. கம்பெனிகளிடம் தொடங்கிய மேப்மைஇந்தியா, மேப்பில்ஸ் என்ற பெயரில் மக்களுக்கு இலவசச் செயலி தந்தது. இருவரும் ஒரே சந்தையில் நிற்கிறார்கள்.

இதில் நமக்கு என்ன பாடம்? குழு வருவதற்கு முன்னால் வட்டிக்காரர் சொன்னதுதான் வட்டி. சேமிப்பும் உள்கடனும் வந்த பிறகுதான் நமக்கு இன்னொரு வாசல் திறந்தது. பேரம் பேசத் தைரியம் வந்தது. வரைபடத்திலும் அதே கதைதான். மாற்று வழி இருக்கிறவருக்குத்தான் விலை குறையும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. விற்பனை மையம், கடை வைத்திருக்கும் ஒவ்வொரு குழுவும் கூகுள் வரைபடத்தில் பெயர், வேலை நேரம், போன் எண், போட்டோ பதிவு செய்யணும். இதற்குக் கட்டணம் இல்லை. விளம்பரத்துக்குத்தான் கட்டணம்.

2. "படத்தில் ஏற்றித் தர்றோம்" என்று யாராவது பணமோ, கைபேசிக்கு வரும் ஓடிபி எண்ணோ கேட்டால் கொடுக்காதீங்க.

3. பதிவுக்கான மின்னஞ்சல் குழுவின் பெயரில் இருக்கணும். கடவுச்சொல் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. ஊக்குநர், பிரதிநிதி இருவருக்கும் தெரியணும். பொறுப்பாளர் யார் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்க.

4. மாதம் ஒருமுறை நம்ம எண் சரியாக இருக்கிறதா என்று பாருங்க. 2018-இல் மகாராஷ்டிராவில் வரைபடத்தில் இருந்த வங்கிக் கிளைகளின் போன் எண்ணை மோசடிக்காரர்கள் மாற்றி வைத்து, அதை நம்பிப் பேசியவர்களிடம் பணம் பறித்தார்கள். வங்கி எண்ணைப் பாஸ்புக்கில் பாருங்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

5. ஒரே படத்தை நம்பி இருக்காமல் மேப்பில்ஸ், ஓபன்ஸ்ட்ரீட்மேப் இரண்டிலும் நம்ம இடத்தைச் சேர்க்கணும். வாங்கிப் போகிறவர்களின் பெயர், எண்ணை நம்ம நோட்டிலும் எழுதி வைக்கணும். எந்தக் கம்பெனி கட்டணம் போட்டாலும் அந்த நோட்டு நம்ம கையில் இருக்கும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, எத்தனை குழுக்கள் படத்தில் ஏறின என்ற கணக்கோடு வாருங்கள் சகோதரிகளே.