வெயில் எட்டாத வாசலுக்கு ஒரு பூ: காசித்தும்பை

போன எபிசோடில் மாடித்தோட்டம் பற்றிப் பேசினோம். அதுக்கு வந்த மெசேஜ்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்துச்சு. "எங்களுக்கு மாடியே கிடையாதுங்க. ரெண்டு பில்டிங்குக்கு நடுவுல வாடகை வீடு. காலையில ஒரு மணி நேரம் வெயில் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். எங்களுக்கு ஏதாச்சும் பூ வருமா?"

வரும். ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஏப்ரல், மே மாசத்துல 40 டிகிரியைத் தொடுற சேலத்துல உட்கார்ந்துகிட்டு, நிழல் இருக்குன்னு கவலைப்படக் கூடாது. நிழல் இந்த ஊர்ல ஒரு சொத்து. பரமத்தி வேலூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் பார்த்திருக்கீங்களா? அங்க முதல்ல அகத்தியை வளர்ப்பாங்க. அந்த நிழல்லதான் வெற்றிலைக் கொடி ஏறும். வெயிலை மறைச்சுக் கொடுக்கிறதுக்குன்னே ஒரு மரத்தை நடுற ஊர் நம்ம ஊர்.

சரி, பூவுக்கு வருவோம். காசித்தும்பை. நர்சரியில பால்சம்னு கேட்டா கொடுப்பாங்க. தாவரவியல் பேர் இம்பேஷியன்ஸ் பால்சமினா. இது ஒரு பருவச் செடி. முளைச்சு, பூத்து, காய்ச்சு, நாலு மாசம் போல இருந்துட்டுப் போயிடும். காலை வெயில் கொஞ்சம், மதியத்துக்கு மேல நிழல், இதுதான் அதுக்குப் பிடிச்ச இடம். வெளிச்சமே இல்லாத மூலையில் வெச்சா நெட்டுக்குத்தா வளருமே தவிர பூக்காது. பகல்ல லைட் போடாம புத்தகம் படிக்க முடியுற இடம்னா போதும்.

இதே குடும்பத்துல இன்னொரு செடி இருக்கு. ஏற்காட்டுல வீட்டு வாசல்ல தட்டையான பூவோட நிக்குமே, அது கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வகை. மலைக்குளிர்ல ஜம்முனு இருக்கும். அழகா இருக்கேன்னு கீழே கொண்டுவந்தா மே மாசத்தைத் தாண்டுறது கஷ்டம். சமவெளிக்கு நம்ம காசித்தும்பைதான் சரி.

இப்ப எப்படி வளர்க்கிறதுன்னு சொல்றேன்.

ஆடி மாசம் போடுங்க. கோட்டை மாரியம்மன் பண்டிகை நடக்குற சமயம்னு ஞாபகம் வெச்சுக்கலாம். விதை கருப்பா, உருண்டையா, கிட்டத்தட்ட கடுகு மாதிரி இருக்கும். செம்மண் ஒரு பங்கு, மக்கிய எரு ஒரு பங்கு, தேங்காய் நார்த்தூள் ஒரு பங்கு. விதையை ஆழமாப் புதைக்க வேண்டாம், மேலாப்புல தூவி மண்ணைக் கொஞ்சம் தூவுனாப் போதும். ஒரு வாரம், பத்து நாள்ல முளைச்சிடும். நாலு இலை வந்ததும் எட்டு அங்குலத் தொட்டிக்கு ஒரு செடின்னு பிரிச்சு நடுங்க. விதைச்ச அறுபது, எழுபது நாள்ல பூ. ஆடிப்பெருக்கு அன்னிக்குப் போட்டா, நவராத்திரி சமயத்துல வாசல்ல பூ இருக்கும்.

எரு விஷயத்துல நாமக்கல்காரங்களுக்கு ஒரு எச்சரிக்கை. நம்ம பக்கம் கோழி எரு சுலபமாக் கிடைக்கும். பச்சையா அப்படியே போட்டுடாதீங்க. அதோட சூடும் அமோனியாவும் வேரைப் பொசுக்கிடும். மாசக்கணக்கா நல்லா மக்கினதுக்கு அப்புறமும் ஒரு கைப்பிடிக்கு மேல வேண்டாம். தழைச்சத்து அதிகமானா இலைதான் வரும், பூ வராது.

தண்ணி? தண்டைத் தொட்டுப் பாருங்க, சதைப்பற்றா, தண்ணி நிறைஞ்சு இருக்கும். வேர் ஆழமாப் போகாது. அதனால மண் காயவும் கூடாது, தேங்கவும் கூடாது. மதியம் இலை தொங்கும். உடனே குடத்தைத் தூக்காதீங்க. மண்ணுல விரலை வெச்சுப் பாருங்க. ஈரமா இருந்தா விட்டுடுங்க, சாயங்காலம் அதுவே எழுந்து நிக்கும். ஈரத்துக்கு மேல ஈரம் ஊத்தினா அடித்தண்டு அழுகிடும். அப்புறம், வால்ல கொம்பு வெச்ச ஒரு தடிப் புழு வரும். ஒரே ராத்திரியில இலையைக் காலி பண்ணிடும். மருந்தெல்லாம் தேவையில்லை, கையால எடுத்துப் போட்டா முடிஞ்சது.

இனி அர்த்தங்கள். இந்தப் பூ ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொண்ணைச் சொல்லுது.

முதல்ல பேர். லின்னேயஸ் 1753ல செடிகளுக்குப் பேர் வெச்சுத் தொகுத்தப்ப இதுக்கு இம்பேஷியன்ஸ்னு போட்டார். லத்தீன்ல 'பொறுமையில்லாதது'ன்னு அர்த்தம். காரணம் காய். முத்தின காயை லேசாத் தொட்டாலே அஞ்சு இதழா வெடிச்சுச் சுருண்டு விதையை வீசும். பூக்களுக்கு அர்த்தம் சொல்ற ஐரோப்பியப் பட்டியல்களில் இதுக்குப் 'பொறுமையின்மை'ன்னே போட்டுட்டாங்க. இங்கிலீஷ்ல 'டச் மீ நாட்'னும் சொல்வாங்க. அந்தப் பேரை வெச்சுத் தொட்டாச்சிணுங்கியோட குழப்பிக்காதீங்க. தொட்டா அது சுருங்கும், இது வெடிக்கும். ரெண்டுக்கும் குணமே நேர் எதிர்.

நம்ம பேர்ல 'தும்பை' இருக்கு. தொல்காப்பியத்துல தும்பைன்னு ஒரு திணையே உண்டு. எதிரும் புதிருமா நின்னு சண்டை போடுற வீரர்கள் சூடுற பூ. ஆனா அது சின்ன வெள்ளைத் தும்பை, துளசிக் குடும்பம். காசித்தும்பைக்கும் அதுக்கும் உறவு பேர்ல மட்டும்தான். கேரளத்துல ஓணப் பூக்களத்துக்கு ரெண்டு தும்பையுமே போகும்.

அடுத்தது கொரியா. அங்க இதுக்குப் பேர் பொங்சொன்ஹ்வா. கே-டிராமா பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். பூவையும் இலையையும் படிகாரத்தோட அரைச்சு நகத்துல கட்டிப்பாங்க. முதல் பனி விழுற வரைக்கும் அந்தச் சிவப்பு நகத்துல இருந்தா, முதல் காதல் கைகூடும்னு நம்பிக்கை. "மருதாணி நல்லா சிவந்திருக்கே, வரப்போறவருக்கு உன்மேல பாசம் ஜாஸ்தி"ன்னு நம்ம வீட்டுல கிண்டல் பண்ணுவாங்களே, அதேதான். இதுல ஒரு ரசாயன உறவும் இருக்கு. மருதாணியைச் சிவக்க வைக்கிற லாசோன்ங்கிற பொருள் காசித்தும்பையிலும் இருக்கு.

அதே கொரியாவில் இதுக்கு இன்னொரு முகமும் உண்டு. 1910லிருந்து 1945 வரை அந்த நாடு ஜப்பான் ஆட்சியில இருந்துச்சு. ஹொங் நான்-பா 1920ல அமைச்ச மெட்டுக்குப் பின்னாடி 'பொங்சொன்ஹ்வா'ன்னு பாட்டு எழுதினாங்க. மேலோட்டமாப் பார்த்தா வேலியோரத்துப் பூ வாடுறதைப் பத்தின பாட்டு. கேட்டவங்களுக்கு அது அவங்க நாடு. கடைசியில அந்தப் பாட்டையே தடை பண்ணினாங்க. நகப்பூச்சுக்குப் பறிக்கிற வேலியோரப் பூ மேல ஒரு அரசாங்கத்துக்குப் பயம் வந்துச்சு.

நம்ம ஊர்ல காசித்தும்பைக்கு அப்படிப் பெரிய அர்த்தம் எதுவும் கிடையாது. காரணம் எளிமையானது. இதழ் மெல்லிசு, காம்பு குட்டை, தொடுத்தா நிக்காது. சேலம் பூ மார்க்கெட்டுல மல்லிக்கும் அரளிக்கும் தினம் ஒரு விலை இருக்கு, இதுக்கு விலையே இல்லை. விலை இல்லாத செடியை யாரும் வயல்ல போட மாட்டாங்க. வீட்டுல யாராவது ஆசைப்பட்டு விதை எடுத்து வெச்சாத்தான் அடுத்த வருஷம் இருக்கும்.

என்கிட்ட இருக்கிற விதை எங்க அம்மாயி வீட்டுது. நாமக்கல் பக்கம் கிராமம். துவைக்கிற கல்லு ஓரத்துல, வேப்பமர நிழல்ல, ஒத்தை அடுக்கு ரோஸ் பூவா நிக்கும். யாரும் தனியாத் தண்ணி ஊத்தினதில்லை, துணி அலசுற தண்ணிதான். அம்மாயி போன அடுத்த வருஷம் வீட்டை வித்துட்டாங்க. வாங்கினவங்க வாசல் முழுக்க டைல்ஸ் போட்டுட்டாங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்லை, அது அவங்க வீடு. அதுக்கு முன்னாடி அம்மா ஒரு மாத்திரை டப்பாவுல கொஞ்சம் விதை எடுத்து வெச்சிருந்தாங்க. அந்த வீட்டிலிருந்து எங்களுக்கு வந்தது அதுமட்டும்தான். கடையில கிடைக்கிற அடுக்குப்பூ பாக்கெட் இதைவிட அழகு, ஒத்துக்கறேன். ஆனா அது எங்கேயும் கிடைக்கும்.

அதனால விதை எடுக்கிறதைக் கத்துக்கோங்க. காய் பச்சையிலிருந்து லேசா வெளிறுறப்போ, சின்ன வலைப்பையைக் கட்டி விடுங்க, இல்லைன்னா உள்ளங்கையால மூடிக்கிட்டு அழுத்துங்க. வெடிக்கும், விதை கையிலேயே நிக்கும். நிழல்ல ஒரு வாரம் காயவிட்டு, காகிதக் கவர்ல போட்டு, மேல தேதி எழுதுங்க. பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

வாடகை வீட்டுக்காரங்களே, கணக்குப் போட்டுப் பாருங்க. உங்க அக்ரிமெண்ட் 11 மாசம். இந்தச் செடிக்கு நாலு மாசம் போதும். ஒரு அக்ரிமெண்ட் முடியுறதுக்குள்ள ரெண்டு தலைமுறை பார்த்துடலாம். காலி பண்ணச் சொன்னா, தொட்டியை விட்டுட்டுப் போனாலும் கவரைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டுக் கிளம்பிடலாம். கூட இருக்கிறவங்களுக்குப் பாதி கொடுங்க. ஒருத்தர் செடி செத்தாலும் இன்னொருத்தர்கிட்ட இருக்கும்.

உங்க பாட்டி வீட்டு வாசல்ல எந்த நிறம் இருந்துச்சுன்னு எழுதுங்க. அடுத்த எபிசோடில் உப்புத்தண்ணியைத் தாங்குற செடிகள் பற்றிப் பேசலாம்.